நோவு இல்லாமல் படுத்தவள்

1

போன பங்குனியில் ஒரு நாள், பகல் பதினோரு மணிக்கு நான் படுத்திருந்தேன். காய்ச்சல் இல்லை, பேறுகாலம் இல்லை, ஆபரேஷன் எதுவும் இல்லை. கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. சும்மா படுத்திருந்தேன். திருமங்கலத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்தி இதை ஊர்க்காரர்கள் படிக்கும்படி எழுதுவது லேசான காரியமில்லை. எழுதும்போதே யாரோ பின்னால் நின்றுகொண்டு, "என்னடி இது, பட்டப்பகல்ல?" என்று கேட்கிறார்கள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் செல்வி. ஜெர்மனிக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. இயந்திர உதிரிபாகம் விற்கிற ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டுக்காரருக்குக் கணினி வேலை. ஒரே மகள் இனியா, வயது பதினான்கு. காலையில் ஐந்தரைக்கு எழுந்து, சாம்பாரும் வைத்து, இனியாவுக்கு ரொட்டியில் பாலாடைக்கட்டியும் அடுக்கி, காரில் உறைந்த பனியைச் சுரண்டி, வேலைக்குப் போய், வந்து, மறுபடியும் அடுப்பு, துணி, பாத்திரம். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இதைப் படிக்கிற பாதிப்பேருக்கு இதே கதைதான், பனி மட்டும் இருக்காது.

காதுக்குள் கிரைண்டர் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. டாக்டரம்மாவிடம் போனேன். காதை எல்லாவிதமாகவும் சோதித்தார். காதில் ஒன்றுமில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "கடைசியாக எப்போது பகலில் படுத்தீர்கள்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யோசித்துப் பார்த்து, "மகள் பிறந்தபோது" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இந்த நாட்டில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. பிள்ளை பெற்று, வேலையும் பார்த்து, ஓய்ந்துபோன தாய்மார்களை மூன்று வாரம் ஓய்வுக்கு அனுப்புவார்கள். மருத்துவக் காப்பீட்டிலேயே அடங்கும். கடலோரமாகவோ மலையடிவாரத்திலோ ஓய்வு இல்லம் இருக்கும். சோறு அவர்கள் போடுவார்கள். நாம் நடக்க வேண்டும், பேச வேண்டும், படுக்க வேண்டும். நானும் முதலில் நம்பவில்லை.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. 'வீட்டில் உங்களுக்கு யார் உதவுகிறார்கள்?' நான் எழுதினேன்: 'யாருமில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் நானே சமாளித்துவிடுவேன்.' வெளியாள் முன்னால் முடியவில்லை என்று சொல்லக் கூடாது என்பது நமக்குத் தாய்ப்பாலோடு சேர்த்து ஊட்டியது அல்லவா? பதில் வந்தது. தாங்களே சமாளிப்பதாகத் தெரிவித்திருப்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அவர்கள் மேல் தப்பே இல்லை. டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மறுபடியும் எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "முடியவில்லை என்று எழுதுங்கள்" என்றார். எழுதினேன். எழுதி முடித்ததும் அழுகை வந்தது. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

2

அம்மாவிடம் சொல்ல வேண்டும். அதுதான் பெரிய விண்ணப்பம்.

அம்மா பெயர் பேச்சியம்மா. வயது அறுபத்தாறு. அப்பா தவறிய பிறகு திருமங்கலத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். இருக்கிறாள் என்று சொல்வது தப்பு, ஓடுகிறாள். அண்ணனுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் பம்புசெட் ரிப்பேர்க் கடை. மதியச் சாப்பாட்டுக்கு அவன் வரும்போது மூன்றும் ஆகும், நாலும் ஆகும். அதுவரை அம்மா சாப்பிட மாட்டாள். மதினி தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மதினியை நான் குறை சொல்ல மாட்டேன், அவளும் ஓடுகிறவள்தான். ஆக, அடுப்பும் இரண்டு பேரப்பிள்ளைகளும் அம்மா பொறுப்பு. அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வீடியோவில் கூப்பிட்டேன். இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே பேசினாள். செல்போனை எப்போதும் போல மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். முகத்தில் பாதிதான் தெரியும்.

"அம்மா, எனக்கு மூணு வாரம் ஓய்வுக்கு எழுதிக் குடுத்துருக்காங்க. கடல் பக்கம் ஒரு எடம். அங்க போயி சும்மா இருக்கணும்."

"சும்மான்னா?"

"சும்மாதாம்மா. சாப்பிடணும், நடக்கணும், படுக்கணும்."

"மாப்பிள்ளையும் வாராரா?"

"இல்ல. நான் மட்டும்."

தட்டுச் சத்தம் நின்றது. "அப்ப பிள்ளைக்கு யாரு சோறு பொங்குறது?"

"அவரு பாத்துக்குவாரு."

"என்ன நோவு ஒனக்கு?"

"நோவெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அசதின்னு டாக்டரு எழுதியிருக்காங்க."

"ஒண்ணும் இல்லாதவளுக்கு டாக்டரு எதுக்குடி எழுதிக் குடுக்குறாக? சும்மா கூட்டிட்டுப் போயி, சோத்தப் போட்டு, படுக்க வைக்கிறாகளாம். காதுல பூ சுத்துறதுக்கு ஒனக்கு வேற ஆளு கெடைக்கலயா?"

"சத்தியமா அம்மா."

"சத்தியமெல்லாம் பண்ணாத" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "எதுனாலும் என்கிட்டச் சொல்லு. நான் தாங்கிக்கிருவேன்."

நான் உண்மையைத்தான் சொன்னேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. எங்கள் வீட்டில் அதைக் கொண்டுபோய் வைக்க இடமில்லை, அவ்வளவுதான். பொம்பளை பகலில் படுத்தால் ஒன்று பிள்ளை பெற்றிருக்க வேண்டும், இல்லையென்றால் அம்மை போட்டிருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் கைவிரித்திருக்க வேண்டும். நாலாவதாக ஒரு காரணம் அம்மாவுக்குத் தெரியாது.

தூக்கத்துக்கு என்றே நம்மிடம் ஒரு தெய்வம் இருக்கிறது. அவள் பேர் மூதேவி. அந்தப் பேரை வைத்துத்தான் நாம் பெண்பிள்ளைகளைத் திட்டுகிறோம். விளக்கு வைக்கிற நேரத்தில் கொஞ்சம் கண் அயர்ந்தால் போதும், "எந்திரி மூதேவி" என்று ஒரு சத்தம் வரும். ஆம்பளைப் பிள்ளை தூங்கினால், "பாவம், அலைஞ்சுட்டு வந்திருக்கான், ஃபேனப் போடு." இதையெல்லாம் இங்கே வந்த பிறகு கண்டுபிடித்தேன் என்று சொல்ல வரவில்லை. அங்கே இருக்கும்போதே தெரியும். அப்போது கோபம் வரவில்லை, இப்போது வருகிறது.

3

வடகடல் கரையில் அந்த ஓய்வு இல்லம். பங்குனி என்று பேர், குளிர் எலும்பைத் தொட்டது. கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஒரு கட்டில், ஒரு மேசை, கடலைப் பார்த்த ஜன்னல். தினமும் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தருவார்கள். மூச்சுப் பயிற்சி, நடை, பேச்சு வட்டம். சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரத்துக்கு வெறுமனே 'ஓய்வு' என்று போட்டிருக்கும்.

அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு எமன். முதல் வாரம் நான் என்ன செய்தேன் தெரியுமா? படுக்கை விரிப்பை உருவி மறுபடியும் விரித்தேன். குளியலறையைத் துடைத்தேன். வராந்தாவில் குவிந்திருந்த துண்டுகளை மடித்து அடுக்கினேன். அங்கே வேலை பார்க்கிற பெண் வந்து, "இது என் வேலை, உங்களுடையதல்ல" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். சாப்பிட்ட தட்டுகளை மற்றவர்களுடையதையும் சேர்த்து எடுத்துப்போய் வைத்தேன். அப்படி வைத்தால்தான் அந்தச் சோறு எனக்குச் செரித்தது.

என் மேசையில் சபீனா என்று ஒருத்தி. நகரப் பேருந்து ஓட்டுகிறவள், மூன்று பிள்ளைகள். வந்த இரண்டு நாளும் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. மூன்றாம் நாள் முகமெல்லாம் உப்பிப்போய் வந்து, "தூங்கினேன்" என்றாள். அவ்வளவுதான். மன்னிப்பு கேட்கவில்லை, தலைவலி என்று சாக்குச் சொல்லவில்லை. எனக்கு அவள் மேல் ஒரே எரிச்சல். என்ன பொம்பளை இவள் என்று நினைத்தேன். அந்த எரிச்சலுக்குப் பெயர் பொறாமை என்று பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆனது.

அவள்தான் ஒரு நாள் நடக்கும்போது கேட்டாள். "படுத்தால் உனக்கு யாருடைய முகம் தெரிகிறது?" நான் மகள் முகம் என்று சொன்னேன். பொய். அம்மா முகம்தான் தெரிந்தது. நான் படுக்கும்போதெல்லாம் அங்கே அவள் நின்றுகொண்டிருப்பாள்.

வீட்டிலிருந்து முதல் இரண்டு நாள் போன் வந்துகொண்டே இருந்தது. சோப்புத்தூள் எங்கே, இன்டக்‌ஷன் அடுப்பு ஏன் கத்துகிறது. பிறகு நின்றுவிட்டது. நானாகக் கூப்பிட்டேன். இனியா எடுத்தாள். எங்கள் வீட்டில் தமிழ் இப்போது இப்படித்தான் இருக்கிறது: நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அன்றைக்கு என்னவோ தமிழிலேயே பேசினாள்.

"சாப்பிட்டியா?"

"ம். அப்பா பீட்சா செஞ்சது."

"நான் இல்லாம எப்படி இருக்கு?"

கொஞ்சம் யோசித்தாள். "வீடு அமைதியா இருக்கும்மா. நீ இருந்தா ஏதாவது செஞ்சுட்டே இருப்ப. பெருமூச்சு விடுவ. இப்ப யாரும் பெருமூச்சு விடல."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். போனை வைத்துவிட்டு ஜன்னலோரமே நின்றேன். இத்தனை வருடம் இந்தப் பிள்ளைக்காகத்தான் ஓடுகிறேன் என்று நினைத்திருந்தேன். அவளுக்குக் கிடைத்தது என் பெருமூச்சுதான் போலிருக்கிறது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தாளில் போட்டிருந்த நேரத்தில், போட்டிருந்தபடி படுத்தேன்.

4

படுத்திருக்கும்போது அம்மா கூப்பிட்டாள். வழக்கமாக அந்த நேரத்தில் கூப்பிட மாட்டாள். ஏதோ நினைப்பில் படுத்தபடியே வீடியோவை எடுத்துவிட்டேன். அதுதான் வினையாகப் போனது.

தலையணை, வெள்ளை விரிப்பு, சுவரில் அழைப்பு மணியின் பொத்தான், கலைந்த தலை. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பகலில் படுத்து அவள் பார்த்தது என் பிரசவத்தில்தான். "சாப்பாடு எறங்குதா?" என்று கேட்டாள். "நல்லா எறங்குது" என்றேன். "சரித்தா. படு" என்றாள். அம்மா வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே என்று எனக்குச் சந்தோஷம். ஒரு வழியாகப் புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். முட்டாள் நான்.

நடந்தது எல்லாம் மதினி பிறகு சொன்னது. அம்மா போனை வைத்துவிட்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். மதினியிடம், "அவ மறைக்கிறா இந்திரா. பெரிய நோவுதேன். மொகத்தப் பாத்தாலே தெரியுது" என்று அழுதாள். அம்மா பிறந்த ஊர் எழுமலைப் பக்கம். அந்த ஊர் அம்மன் கோயிலுக்குப் பங்குனித் திருவிழா. அதற்குக் காப்புக் கட்டிக்கொண்டாள். ஒருவேளைச் சாப்பாடு. உசிலம்பட்டியிலிருந்து எழுமலை வரைக்கும் செருப்பில்லாமல் நடந்து வந்து பால்குடம் எடுக்கிறேன், என் மகளை எழுப்பி உட்கார வை என்று வேண்டுதல். நேர்த்திக்கடனை முடிக்கும்வரை யாருக்காக வேண்டினோமோ அவரிடம் சொல்லக் கூடாது. பலிக்காது. அதனால் எனக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணன் வேண்டாம் என்றிருக்கிறான். "ஒன் தங்கச்சி செத்தாப் பரவாயில்லையா?" என்று கேட்டிருக்கிறாள். 

நடந்தாள். அந்த ரோட்டை உங்களில் பலருக்குத் தெரியும். பங்குனி வெயிலில் தார் இளகிக் கிடக்கும். இருபக்கமும் வெறும் புஞ்சை, ஒதுங்க ஒரு புளியமரம் வர ரொம்ப தூரம் நடக்க வேண்டும். கூட நடந்தவர்கள் எல்லாம் சூடு தாங்காமல் மண்பாதையில் இறங்கி நடந்தார்களாம். அம்மா மட்டும் தாரிலேயே நடந்தாள். "சூடே தெரியல இந்திரா. ஆத்தா தாங்கிட்டா" என்று மதினியிடம் பூரித்துப்போய்ச் சொன்னாளாம். சர்க்கரை வந்து பத்து வருடம் ஆன கால் அது. உள்ளங்காலில் உணர்ச்சி செத்து ரொம்ப நாளாகியிருக்கும். அம்மாவுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து அன்றைக்கே சொந்தக்காரர்களுக்குச் சோறு பொங்கினாள். கொப்புளத்தைப் பார்த்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். நான் ஓய்வு முடிந்து வீடு திரும்பி, "இப்ப நல்லா இருக்கேம்மா, தெம்பா இருக்கு" என்று சொன்னபோது, "தெரியும்டி. ஆத்தா கைவிட மாட்டா" என்றாள். அப்போதும் அவள் நின்றுகொண்டுதான் பேசினாள்.

புண் வாடை வந்த பிறகுதான் அண்ணன் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடினான். வலது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள்.

5

மதினி போனில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது நான் ஆபீஸில் இருந்தேன். மேலாளர் என் முகத்தைப் பார்த்து, என்ன ஏது என்று கேட்காமலே, "போ" என்றார். இங்கே எல்லாம் கேட்டால் கிடைக்கிறது. கேட்கத் தெரிய வேண்டும்.

மதுரை விமான நிலையத்தில் அண்ணன் நின்றிருந்தான். வெயில் முகத்தில் அறைந்தது. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். நான் இரண்டு கிலோ கூடியிருந்தேன், கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

"நீ நல்லாத்தான இருக்க?"

"ஆமாண்ணே."

"அப்ப எதுக்குடி ஆஸ்பத்திரியில போயிப் படுத்த?"

"ஆஸ்பத்திரி இல்லண்ணே. எத்தன தடவ சொன்னேன்."

"சொன்ன, சொன்ன. யாரு நம்புவா? நோவு இல்லாம படுக்குறதுக்கு நாம என்ன ராசா வீடா?" கார்க் கதவை ஓங்கிச் சாத்தினான். வண்டி விமான நிலையத்தை ஒட்டிய பெருங்குடியைத் தாண்டியதும், "அம்மா ஒனக்காகத்தேன் நடந்துச்சு" என்றான். கண்ணில் தண்ணீர். அவன் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் என் மேல்தான் தப்பு என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் படுத்ததால் அம்மா நடக்கவில்லை. படுத்தாலே சாவு என்று அவளுக்கு யார் யாரோ சேர்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் நடந்தாள்.

இதைப் படிக்கிற அக்கா தங்கைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், உபதேசம் என்று நினைத்தாலும் சரி. பகலில் அரை மணி நேரம் படுங்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அடித்துப் பிடித்து எழுந்து முந்தானையைச் சரிசெய்யாதீர்கள். தலைவலி என்று சாக்குச் சொல்லாதீர்கள். பிள்ளை வந்து, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால், "நல்லா இருக்கேன், அசதியா இருக்கு, படுத்திருக்கேன்" என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளை அதைக் கேட்டுப் பழக வேண்டும். பழகாவிட்டால் நாளைக்கு உங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். சொல்வது சுலபம், எனக்கே இன்னும் முழுசாக வரவில்லை. போன வாரம்கூட வீட்டுக்காரர் வண்டி சத்தம் கேட்டுப் படுக்கையிலிருந்து குதித்து எழுந்தேன்.

6

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு. ஜன்னலோரக் கட்டில். கட்டுப் போட்ட காலை இரண்டு தலையணை மேல் தூக்கி வைத்து அம்மா படுத்திருந்தாள். அழுதுகொண்டே ஓடினேன். அவள் என் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சதை வச்சிருக்கு" என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னாள். "நான் சொன்னேன்ல, ஆத்தா எழுப்பிட்டா."

நான் பயந்துகொண்டு வந்த முகம் அது இல்லை. அம்மா முகம் தெளிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே எப்போதும் இருக்கிற கருப்பு வெளுத்திருந்தது. தலை வாரிப் பின்னியிருந்தாள். பின்னியது அவளேதானாம், சாவகாசமாக உட்கார்ந்து. பக்கத்தில் யாரோ கொடுத்த வாரப்பத்திரிகை கிடந்தது. அம்மா படிப்பாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் காலை பெரிய டாக்டர் வந்தார். புண்ணைப் பார்த்துவிட்டு, "நல்லா ஆறிருச்சு. இன்னைக்கு வீட்டுக்குப் போகலாமேம்மா? வலி இருக்கா?" என்று கேட்டார்.

அம்மா முகத்தைச் சுளித்தாள். "இருக்குய்யா. விண்ணு விண்ணுனு தெறிக்குது."

"அப்படியா? சரி, மாத்திரை மாத்தி எழுதுறேன். சாயங்காலம் பாத்துட்டு முடிவு பண்ணலாம்." அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"ரொம்ப வலிக்குதாம்மா? ராத்திரி ஏன் சொல்லல?" என்று பதறினேன்.

அம்மா அவர் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள். "வலியெல்லாம் இல்லத்தா."

"பின்ன?"

"வீட்டுக்குப் போனா எந்திரிக்கணும்ல."

 அம்மா விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இப்பவாச்சும் உண்மையச் சொல்லு. நேத்திக்கடன்தேன் செலுத்தியாச்சே, இனிமே சொன்னாக் குத்தமில்ல. ஒனக்கு என்ன நோவு?"

"ஒண்ணும் இல்லம்மா. நான் சொன்னது அம்புட்டும் உண்மை. எனக்கு அசதி. வெறும் அசதி."

"அசதிக்கா படுக்க வச்சாக?"

"ஆமா."

"சோறு போட்டு?"

"சோறு போட்டு."

அம்மா நம்பிவிட்டாள் என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. நம்பாமலே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள்.

"எனக்கும் அசதிதேண்டி" என்றாள். "எம்புட்டு வருசமா. நான் ரெண்டு வெரலக் குடுத்துல்ல படுத்திருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். பாதியிலேயே வாய் கோணிக்கொண்டது. அம்மா அழுது நான் பார்த்தது அப்பா சாவில்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மதியம் அண்ணன் வந்தான். கையில் மாற்றுச்சேலைப் பை. "டாக்டரு போலாம்னு சொல்லிட்டாராம்ல? கெளம்புவமா? பயலுக வேற கடைச் சோத்தத் தின்னு வயித்தால போறாங்ஞ. கார வாசல்லயே போட்டுட்டு வந்துருக்கேன்."

அம்மா கையூன்றி எழுந்திருக்கப் போனாள். எழும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இல்லண்ணே" என்றேன். "வலி இன்னும் இருக்கு. டாக்டருகிட்டயும் சொல்லிருக்கு. ரெண்டு நாளு கழிச்சுக் கூட்டிட்டுப் போவோம்."

அண்ணன் பையைக் கீழே வைத்தான். முகம் மாறிவிட்டது. குனிந்து அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். "ரொம்ப வலிக்குதாம்மா?"

"ஆமாய்யா" என்றாள் அம்மா.

"அப்ப படும்மா. எந்திரிக்காத. வீட்ட நாங்க பாத்துக்கிறோம்" என்றான். தலையணையைச் சரிசெய்து, அவள் தோளைப் பிடித்து மெதுவாகச் சாய்த்துவிட்டான். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.